கருவி கைக்கு வந்தது, திறன் வந்ததா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி நாள் முதல் இன்று கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் வரை, 'தொழில்நுட்பம் ஆக்கத்திற்கா, அழிவிற்கா?' என்ற தலைப்பில் குறைந்தது நான்கு முறையாவது மேடையேறிப் பேசியிருக்கிறேன். இரண்டு முறை ஆக்கத்திற்கே என்றும், இரண்டு முறை அழிவிற்கே என்றும் பேசினேன். சீட்டுக் குலுக்கலில் எந்த அணி விழுகிறதோ, அந்த அணியின் நியாயம் தானாக நாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆக்க அணிக்குத் தடுப்பூசியும் செயற்கைக்கோளும் உண்டு. அழிவு அணிக்கு அணுகுண்டும் நெகிழிக் குப்பையும் உண்டு. கைதட்டலும் இரு அணிகளுக்கும் உண்டு. சென்ற மாதம் அதே தலைப்பு, சமூக மாற்றத்தையும் மனித மேம்பாட்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கட்டுரையாக எங்கள் வகுப்பிற்கு வந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகக் கேள்வியையே தவறாகக் கேட்டு வந்திருக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு எழுந்தது. கட்டுரைக்குள் அடங்காமல் எஞ்சியதை உங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

ஐயத்தை எழுப்பியவர் என் பாட்டி. எழுபது வயதைக் கடந்த அவர், கணக்குப் புத்தகத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குத் தாமே நடந்து சென்று, வரிசையில் நின்று, படிவத்தைத் தம் கையால் நிரப்பிப் பணம் எடுத்து வந்து பழகியவர். இப்போது அந்த வேலைகள் அனைத்தும் கைப்பேசிச் செயலிக்குள் குடிபுகுந்துவிட்டன. செயலியைத் திறந்தால் ஆறு இலக்க ஓடிபி வருகிறது. திரையின் மேல்விளிம்பில் ஒருகணம் எட்டிப் பார்க்கும் அந்த எண், பாட்டி தம் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் மறைந்துவிடுகிறது. அதைத் தேடிக் குறுஞ்செய்திப் பகுதிக்குப் போய்த் திரும்பினால், செயலி கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. இரண்டு முறை இப்படி ஆனதும் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிடுவார். நானும் ஒரே நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்து, பொறுப்பான பேத்தி என்ற பெயரையும் வாங்கிக்கொள்வேன்.

இதில் அவர் இழந்தது என்ன என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. தம் சேமிப்பு எவ்வளவு என்பது முன்பு அவருக்கும் வங்கிக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. இன்று அது எனக்கும் தெரியும், என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் எவருக்கும் தெரியும். யாருக்காவது சத்தமில்லாமல் ஒரு தொகை கொடுத்து உதவ அவர் விரும்பினாலும், என் கண்ணில் படாமல் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் வீட்டிற்குக் கணக்கெடுக்க வருபவர் ஸ்மார்ட்போன், இணையம், வங்கிச் செயலி ஆகிய மூன்று கட்டங்களிலும் 'உண்டு' என்றுதான் குறித்துக்கொண்டு போவார். தாளில் பாட்டி முன்னேறியிருக்கிறார். நடப்பில், தாமே செய்துவந்த ஒன்றைப் பேத்தியிடம் கேட்டுச் செய்யும் நிலைக்கு வந்திருக்கிறார்.

தாளுக்கும் நடப்புக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பொருளியல் அறிஞர்கள் முன்பே கண்டிருக்கிறார்கள் என்பது கட்டுரைக்காகப் படித்தபோது தெரிந்தது. ஒரு நாட்டின் வளர்ச்சியை வருமானத்தால் மட்டும் அளந்துகொண்டிருந்த காலத்தில், பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சியால், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990-ஆம் ஆண்டில் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. ஆயுள், கல்வி, வருமானம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் மனித மேம்பாட்டுக் குறியீடு அதில்தான் பிறந்தது. அதற்குத் துணைநின்ற இந்தியப் பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னுக்கே, மனித வாழ்வின் சிக்கல்களை ஒற்றை எண்ணுக்குள் அடைப்பதில் தொடக்கத்தில் தயக்கம் இருந்திருக்கிறது. வருமானக் கணக்கைப் போலவே எளிதாகப் பேசக்கூடிய ஓர் எண் இல்லாவிட்டால் ஆட்சியாளர்கள் காதில் எதுவும் ஏறாது என்பது ஹக்கின் வாதம். இருவர் கவலையும் நியாயமானவை என்றே எனக்குப் படுகிறது.

சென் ஒரு மிதிவண்டியை எடுத்துக்காட்டாகச் சொல்வார். மிதிவண்டி ஒரு பொருள். அதை வைத்து ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்திற்குப் போக முடிவது ஒரு திறன். கால் இயங்காத ஒருவருக்கு அதே மிதிவண்டியைக் கொடுத்தால் பொருள் சேர்ந்துவிடும், திறன் சேராது. பாட்டியின் கைப்பேசியும் அப்படித்தான். ஒரு கருவி மனிதரிடம் போய்ச் சேர்வதற்கும் அது அவருடைய திறனாக மாறுவதற்கும் இடையே ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையை யாராவது செய்தார்களா என்று பார்த்தால், ஆக்கமா அழிவா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று கணினியோ செயற்கைக்கோளோ அன்று. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். வயிற்றுப்போக்கால் ஒருவர் இறப்பது கிருமியால் என்பதைவிட, உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதால் என்பதே சரி. வெறும் நீரைக் கொடுத்தால் குடல் போதிய அளவு ஏற்பதில்லை. குளுக்கோஸும் சோடியமும் தக்க அளவில் சேர்ந்திருந்தால், குடல் அவ்விரண்டையும் இழுத்துக்கொள்ளும்போது நீரும் உடன் செல்கிறது. இந்த உண்மை 1960-களில் ஆய்வகங்களில் தெளிவாகிவிட்டது. ஆயினும் நரம்பு வழியாக ஏற்றும் திரவமே சரியான மருத்துவம் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே வேரூன்றி இருந்தது. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோர அகதி முகாம்களில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலனாபிஸிடம் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவர் உப்பு, குளுக்கோஸ் கலவையைப் பெரும் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களே குவளையில் எடுத்துக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு 30 பேர் என்ற அளவில் இருந்த இறப்பு, இக்கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்கு மட்டுமே உரியதாக இருந்த சிகிச்சை, தாயின் கைக்கும் தமையனின் கைக்கும் வந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உயிர்காக்கும் வழி கண்டாயிற்று, இனி அது தானே பரவிவிடும் என்று வங்கதேசத்தில் யாரும் இருந்துவிடவில்லை. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பி, ஏறத்தாழ 1.2 கோடிக் குடும்பங்களில் தாய்மாருக்கு இக்கரைசலைக் கற்றுக்கொடுத்தது. கரைசல் தூள் பொட்டலம் கிடைக்காத வீட்டிலும் செய்ய வேண்டும் என்பதால், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர் என்று கையையே அளவுகோலாக்கினார்கள். பணியாளர் தாமே கலக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட முடியாது. அந்தத் தாய் தம் விரலால் உப்பெடுத்துக் கலக்க வேண்டும். பணியாளரின் ஊதியத்திலும் ஒரு நுட்பம் வைத்தார்கள். சில நாள் கழித்து வேறொருவர் சென்று, அந்தத் தாய்மாருக்குச் சொன்னது எவ்வளவு நினைவிருக்கிறது, கலவை சரியாக வருகிறதா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே கூலி. எத்தனை வீட்டுப் படியேறினாய் என்று கேட்காமல், நீ போன பிறகு அந்த வீட்டில் என்ன தங்கியது என்று கேட்டார்கள். அப்படியும் முதலில் பலர் கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தவில்லை. காரணம் தேடியபோது, சொல்லிக்கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அக்கரைசலில் நம்பிக்கை இல்லை என்பது வெளிப்பட்டது. நம்பாதவர் வாய்ச்சொல்லை வீட்டிலிருப்பவர் மட்டும் எப்படி நம்புவார்? பணியாளர்களுக்கு முதலில் அதன் அறிவியலை விளக்கிக்காட்டி, பிறகு மீண்டும் அனுப்பினார்கள். கண்டுபிடிப்புக்கு விருதுகள் உண்டு. இப்படி அலைந்து கற்றுக்கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்ற பெரும் முழக்கத்துடன் 2005-இல் தொடங்கப்பட்ட உலகளாவிய திட்டத்தில் சேர்ந்து, தென் அமெரிக்க நாடான பெரு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது. கணினிகளின் எண்ணிக்கை பலமடங்கு உயர்ந்திருந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தென்பட்டதையும் சொல்லிவிட வேண்டும். திட்டம் முழுத் தோல்வி என்று அழிவு அணிக்காரர்களைப் போல நான் வாதிட வரவில்லை. கணினி போன வேகத்தில் ஆசிரியருக்கான பயிற்சியும் பாடத்தோடு அதை இணைக்கும் வழியும் போகவில்லை, அவ்வளவுதான்.

கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா கைப்பேசிப் பணப் பரிமாற்றம் இன்னொரு பாடம். அது ஸ்மார்ட்போன் கேட்கவில்லை. சாதாரணப் பொத்தான் கைப்பேசியே போதும். ரொக்கத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தெருக்கோடியில் ஒரு முகவர், அதாவது ஒரு மனிதர், உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ 1,94,000 குடும்பங்களைக் கடும் வறுமையிலிருந்து அது வெளியே கொண்டுவந்தது என்றும், பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் பயன் கூடுதல் என்றும் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2016-இல் கணித்துச் சொன்னார்கள்.

ஆனால் சொல்லிக்கொடுக்கவும் கற்றுக்கொள்ளவும் நேரம் வேண்டுமே, அந்த நேரம் யாருடையது? வீட்டு எந்திரங்கள் பெண்களின் நேரத்தை விடுவித்தன என்று ஆக்க அணியில் நின்று நான் முழங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் 1920-களிலும் 1960-களிலும் திரட்டிய தரவுகளை ஒப்பிட்டு ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் 1974-இல் எழுதிய கட்டுரையைப் படித்த பின் அந்த முழக்கத்தைக் கைவிட்டேன். இடைப்பட்ட காலத்தில் சலவை எந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வந்துவிட்டபோதிலும், வெளிவேலைக்குச் செல்லாத இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் வாரத்துக்கு 50 மணிக்கு மேலேயே நின்றது. துணி துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. உடல் உழைப்பு குறைந்தது உண்மை, அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் வேலை யாருடையது என்ற பழைய ஏற்பாட்டை எந்திரம் தொடவே இல்லை. சமூக மாற்றம் எந்திரத்தோடு பெட்டியில் வருவதில்லை.

இனி என் தலைமுறையின் கருவிக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது நான் பள்ளி மாணவி. இன்று என் வகுப்பில் அதைத் தொடாமல் ஒப்படைப்பு எழுதுபவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு நூலின் இயலைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு அரை நிமிடத்தில் சுருக்கித் தந்ததை, இரண்டு மூன்று சொற்களை மாற்றிக் கொடுத்தேன். ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "இரண்டாம் பத்தியில் 'இருந்தபோதிலும்' என்று எழுதியிருக்கிறீர்களே, எது இருந்தபோதிலும்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்த தர்க்கத்தை நான் கடந்து வரவே இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்துபோயிற்று.

இந்த அவமானத்துக்கு எண்களிலும் விளக்கம் உண்டு. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். வழக்கமான உரையாடல் செயலியைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்கள் பயிற்சிக் கணக்குகளை, எந்தத் துணையும் இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அவர்கள் 17 விழுக்காடு பின்தங்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு அதே செயற்கை நுண்ணறிவை, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் துணையோடு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேறினார்கள். தேர்வில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. மூன்று குழுக்களுக்கும் பாடம் ஒன்றே. இரண்டு குழுக்களுக்குக் கருவியும் ஒன்றே. ஒன்று செய்து கொடுத்தது, இன்னொன்று செய்யவைத்தது.

இதைப் படித்த இடத்தில்தான் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு எனக்குச் செய்ததைத்தான் நான் பாட்டிக்குச் செய்துகொண்டிருந்தேன். ஓடிபியை உள்ளிட எனக்கு ஒரு நிமிடம் போதும், அவருக்குக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் ஆகும்; அந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடித்தேன். அவருக்குக் கற்கும் ஆற்றல் இல்லை என்று நான் சாக்குச் சொல்லவும் முடியாது. தம் தங்கைக்குக் குரல் பதிவு அனுப்பும் வித்தையை, யாரும் சொல்லித்தராமலே அவர் கற்றிருந்தார். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பேசி, விரலை எடுத்ததும் அனுப்பிவிடுவார். தவறாகப் பேசிவிட்டால் அழிக்கவும் தெரியும்.

ஆகவே கற்றுக்கொடுக்க உட்கார்ந்தோம். முதல் நாள் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினோம். இரண்டாம் நாள், வரும் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் முறையைப் பாட்டியே கண்டுபிடித்தார். நான் அதை யோசித்திருக்க மாட்டேன். ஐந்தாம் நாள் என் உதவியின்றி இருப்புத் தொகையைப் பார்த்தார். அடுத்த வாரம் கடவுச்சொல்லை உள்ளிடும்போது, "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்" என்றார். நான் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தச் செயலி புதுப்பிக்கப்பட்டு, பொத்தான்கள் இடம் மாறி, நிறமும் மாறிவிட்டது; பாட்டி மீண்டும் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். இளையவர்களுக்கு ஒரு நாள் எரிச்சலோடு போய்விடும் மாற்றம், முதியவர்களுக்கு முழுப் பாடத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவதாகும் என்பதைச் செயலி வடிவமைப்பவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகில் கைப்பேசி இணையத்துக்கான அலைவரிசையே எட்டாத இடங்களில் வாழ்பவர்கள் சுமார் 35 கோடிப் பேர் என்றும், அலைவரிசை எட்டியும் அதைப் பயன்படுத்தாதவர்கள் சுமார் 310 கோடிப் பேர் என்றும் கைப்பேசி நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ 2024-ஆம் ஆண்டு அறிக்கையில் கணித்திருக்கிறது. கோபுரம் நடாததால் விடுபட்டவர்களைவிட, கோபுரத்தின் நிழலிலேயே விடுபட்டவர்கள் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. கருவியின் விலை, எழுத்தறிவு, தம் மொழியில் ஏதும் இல்லாமை, ஏமாற்றப்படுவோம் என்ற அச்சம் எனக் காரணங்கள் பல. கருவி கைக்கு வந்தும் பிறர் விரலால் இயக்குகிற என் பாட்டி போன்றவர்கள் இந்த 310 கோடியில்கூடச் சேர மாட்டார்கள். அவர்கள் பயன்படுத்துவோர் கணக்கில் இருக்கிறார்கள்.

தங்கள் நாளிதழுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒரு சேவை முழுவதும் இணையத்துக்கு மாறுகிறது என்ற செய்தியை வெளியிடும்போது, எத்தனை லட்சம் பேர் பதிவிறக்கினார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், கைப்பேசி இல்லாதவரும் பார்வையற்றவரும் எழுதப் படிக்கத் தெரியாதவரும் இனி அந்தச் சேவையை எப்படிப் பெறுவார்கள், பழைய கவுன்டர் திறந்திருக்குமா, கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று பொறுப்பில் உள்ளவர்களிடம் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, கிடைத்த விடையையும், விடை கிடைக்காவிட்டால் அதையும் அச்சிட வேண்டும். அடுத்து, மாணவர்களுக்கான தங்கள் பக்கத்தில் 'ஆக்கமா, அழிவா' என்ற தலைப்பைச் சில காலம் ஓய்வெடுக்க விட்டு, வீட்டிலோ அண்டையிலோ ஒருவருக்கு ஒரு கருவியைக் கற்றுக்கொடுத்த அனுபவத்தை எழுதியனுப்பச் சொல்லலாம். எந்த இடத்தில் அவர் தடுமாறினார், நாம் எங்கே பொறுமை இழந்து பிடுங்கிச் செய்தோம் என்று மாணவர்கள் எழுதட்டும். அப்படி நூறு கடிதங்கள் வந்தால், செயலி வடிவமைப்பவர்கள் படிப்பதற்கு அதைவிடப் பயனுள்ள ஆவணம் இருக்காது. என் பங்குக்கு, புதுப்பித்த செயலியோடு பாட்டியும் நானும் இந்த வாரம் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். என்ன ஆயிற்று என்பதைத் தாங்கள் கேட்டால் எழுதியனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
ஒரு கல்லூரி மாணவி